பழனிமலைக் கொல்லைப்புறத்துத் தொலைநோக்கி

போடிநாயக்கனூரை விட்டு மேற்கே முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏலத்தோட்டங்களின் குளிர் முகத்தில் அறையும் போடிமெட்டை அடைகிறவர்கள், பெரும்பாலும் மூணாற்றை நினைத்தபடியே அந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். தை பிறந்து பனிமூட்டம் விலகிய ஓர் இரவில் அங்கே சற்று நின்று தலையை நிமிர்த்துகிறவருக்கு, பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில் அமைந்த இந்த மலைச்சரிவிலிருந்து, வடதுருவ நட்சத்திரம் முதல் தென்திசையின் கடைக்கோடி மண்டலங்கள் வரை ஆகாயம் ஏறத்தாழ முழுமையாகவே காட்சி தருகிறது என்பது தெரியவரும். அகஸ்தியரின் பெயரால் நம் முன்னோர் அழைத்த நட்சத்திரம் இங்கே உயர்ந்து நிற்கிறது. ஐரோப்பாவின் வானியலார் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பார்த்த நட்சத்திரங்களில் பலவற்றை நம் ஏலக்காட்டுக் காவலர்கள் குடிசை வாசலிலிருந்தே பார்த்து வந்திருக்கிறார்கள்.

இந்த மெட்டிலிருந்து வடகிழக்கே, அகமலைக்கு அப்பால், நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது கொடைக்கானல். அங்கே 2,343 மீட்டர் உயரத்தில் 1899ஆம் ஆண்டு முதல் ஒரு வானாய்வு நிலையம் இயங்கி வருகிறது. சூரியனை நாள்தோறும் படம் பிடித்துப் பாதுகாத்த பெருமையால் உலகம் அதனை அறியும். ஆனால் நான் இங்கு சொல்ல விரும்புவது சூரியனைப் பற்றியன்று. 1960களில் அந்த நிலையத்தின் கொல்லைப்புறத்தில், நம் நாட்டவர் தங்கள் கைகளாலேயே 38 சென்டிமீட்டர் அகலக் குழியாடியைக் கொண்ட ஒரு தொலைநோக்கியை நிர்மாணித்தார்கள். தமிழ்நாட்டின் வானசாஸ்திர சரித்திரத்தில் அதைக் காட்டிலும் பெரிய கருவிகள் பல உண்டு. அதைப் போன்ற திருப்பம் வேறொன்று இல்லை என்பது என் துணிபு. அந்தத் துணிபுக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தமிழகத்தில் ஐரோப்பிய முறையிலான வானாராய்ச்சி அரசாங்கத்தால் தொடங்கப்படவில்லை. அதைத் தொடங்கியவர் தம் சொந்த ஆர்வத்துக்காக வானம் பார்த்த ஓர் உத்தியோகஸ்தர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் சென்னை எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். பின்னர் அவர் தம் கருவிகளைக் கம்பெனிக்கு அளிக்க, 1792இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி கட்டடம் எழும்பியது. அங்கே கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய 10 டன் எடையுள்ள கருங்கல் தூணில், ஆசியாவில் இந்தச் சாஸ்திரம் நிலைகொண்ட செய்தியைப் பிற்காலத்தார் அறியும்பொருட்டுத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பொறித்து வைத்தார்கள். அந்தக் கல் நம் மண்ணில் விளைந்தது. அதை நிமிர்த்தியவர்கள் நம் தச்சரும் கொத்தரும் ஆவர். ஆனால் அதன் தலைமேல் ஏறிய கருவி மாத்திரம் கடல் கடந்து வந்தது.

இந்த நிலை நூறாண்டுக்கு மேல் மாறவில்லை. சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தின் ரெட்டிகுலம் என்னும் மண்டலத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்; 1874ஆம் ஆண்டின் சுக்கிரசஞ்சாரத்தைச் சாமானிய ஜனங்களுக்கு விளக்கி நூல் எழுதி வெளியிட்டார்; இலண்டனின் ராயல் வானியல் கழகத்தில் அங்கத்தினராகும் தகுதியும் பெற்றார். கண்ணும் கணிதமும் நம்மவருடையவையாகவே இருந்தன. கண்ணாடியோ அயல்நாட்டுக்கு எழுதி, காத்திருந்து, தருவித்ததாகவே இருந்தது. பவநகர் மகாராஜாவின் கொடையால் 1888இல் புனேக்கு வந்து, பின்னர் கொடைக்கானலுக்கே வந்து சேர்ந்த 20 அங்குலத் தொலைநோக்கியும், ஐதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் என்னும் செல்வர் தம் வானப்பித்தினால் 1901இல் வரவழைத்த 15 அங்குலத் தொலைநோக்கியும் டப்ளின் நகரத்து கிரப் பட்டறையில் உருவானவை. கொடையாளிகளின் சிரத்தையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் விலை கொடுத்து வாங்கிய கருவி பழுதுபட்டால் அதைச் செப்பனிடுவதற்கும் விலையே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனினும் பெரிய கருவி வேண்டுமென்றால் பின்னும் பெரிய விலையை எதிர்நோக்க வேண்டியிருக்கிறது. செய்யும் கை வளராத இடத்தில் ஆசைக்கும் ஓர் எல்லை ஏற்பட்டுவிடுகிறது.

ஐரோப்பாவிலோ மிகப் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் நெடுங்காலம் வரை வீட்டில் பிறந்தவை. பாத் நகரத்தில் சங்கீதம் கற்பித்து ஜீவனம் செய்த வில்லியம் ஹெர்ஷல், செம்பும் தகரமும் கலந்த உலோகத்தை வார்த்து, தம் கையாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கிய 6 அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட கண்ணாடியால், 1781இல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டார். மெருகிடும்போது கையை எடுத்தால் வேலை கெட்டுவிடும் என்பதற்காக அவர் மணிக்கணக்கில் நகராமல் உழைத்ததையும், தங்கை கரோலின் அருகிருந்து உணவை வாயில் ஊட்டியதையும் அந்தக் குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. அரசரின் உதவியோடு 1789இல் அவர் முடித்த 40 அடி நீளத் தொலைநோக்கியின் ஆடி நாலடி அகலம். லிவர்பூலில் மதுவடிசாலை நடத்திய வில்லியம் லாசெல், தாமே செய்த 24 அங்குலத் தொலைநோக்கியால் 1846இல் நெப்டியூனின் சந்திரனைக் கண்டுபிடித்தார். அயர்லாந்தின் ராஸ் பிரபு தம் பண்ணையில் வேலை செய்தவர்களையே உலோகத் தொழிலாளராகப் பழக்கி, 1845இல் 72 அங்குல ஆடியை நிறுத்தி, வேட்டைநாய் மண்டலத்து ஒளிமேகம் சுருள் வடிவம் உடையது என்பதைக் கண்டார். அவ்வாண்டே அந்நாட்டைப் பீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சம் அவருடைய வேலையை நிறுத்தி, குடிகளின் பசியைக் கவனிக்கும் பொறுப்பைத் தலைமேல் வைத்தது.

உலோக ஆடிகள் விரைவில் மங்கும் குற்றமுடையவை. கண்ணாடியின்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை 1850களில் வழக்குக்கு வந்ததும், பாரிஸ் நகரத்து லியோன் பூக்கோ ஆடியின் வளைவைச் சோதிக்க ஒரு யுக்தியைக் கண்டதும்தான் இந்தத் தொழிலைச் சாமானியர் கைக்கு இறக்கிவைத்தன. அதன் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; ஏனெனில் இந்த விஷயத்தின் ரகசியம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரே அளவான இரண்டு வட்டக் கண்ணாடிகளை எடுத்து, ஒன்றைப் பீப்பாய் ஒன்றின் தலையில் அசையாமல் பொருத்தி, இடையே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டு, மற்றதை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் பீப்பாயைச் சுற்றி அடியடியாக நடந்துகொண்டேயிருப்பார். மேலுள்ள கண்ணாடியையும் கைக்குள்ளேயே சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருப்பார். அம்மியும் குழவியும் நாளடைவில் ஒன்றுக்கொன்று இசைந்து தேய்வது போல, மேற்கண்ணாடியின் நடுவிடம் குழிந்து, கீழ்க்கண்ணாடியின் விளிம்பு சரிந்து, இரண்டும் ஒரே கோளத்தின் உட்புறமும் வெளிப்புறமுமாகப் பொருந்திவிடுகின்றன. எந்த யந்திரமும் வகுத்துத் தராத இந்த வடிவம், திசைக்கொரு முறையாக ஒழுங்கின்றி அமையும் கையசைவுகளிலிருந்தே தோன்றுகிறது. தூளை வரவர நுண்ணியதாக மாற்றிக்கொண்டுபோய், இறுதியில் உருக்கி ஊற்றிச் சதுரம் சதுரமாகக் கீறிய கீலின்மேல் நுண்ணிய மெருகுப் பொடி இட்டு மெருகேற்றினால், கல்லைப் போல் மங்கியிருந்த கண்ணாடி தெளிகிறது.

ஆயினும் பெரும்பகுதி வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. கோளவடிவம் போதாது, தூரத்து ஒளிக்கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் கூட வேண்டுமானால் ஆடி பரவளையமாக வேண்டும். இரண்டு வடிவங்களுக்கும் உள்ள பேதமோ கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாதது. ஒரு மில்லிமீட்டரைப் பதினையாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு பிழை இருந்தாலே கவனிக்க வேண்டிய தொழில் இது. பூக்கோவின் யுக்தி இங்கேதான் துணை செய்கிறது. ஆடிக்கு எதிரே சிறு துளை வழியாக ஒரு விளக்கின் ஒளியை அனுப்பி, திரும்பி வந்து குவியும் கதிரைச் சவரக்கத்தியின் அலகினால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஆடியின் முகத்திலுள்ள மேடும் பள்ளமும் பெருமலைகளும் பள்ளத்தாக்குகளும் போல நிழலும் ஒளியுமாகத் தோன்றுகின்றன. விரலால் ஒரு கணம் தொட்டு எடுத்தாலும், அந்த விரலின் சூட்டால் வீங்கிய இடம் மேடாகக் காட்சி தருகிறது. விலை மதிக்கவொண்ணாத அளவுகோல் ஒன்றை ஒரு விளக்கும் ஒரு சவர அலகும் ஏழையின் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டன என்பதை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த வித்தையை ஜனசமூகத்தின் சொத்தாக்கியவர்களில் இருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். வடதுருவப் பயணங்களில் ஈடுபட்டிருந்த ரஸல் போர்ட்டர் என்னும் சித்திரக்காரர், 1920இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், யந்திரப் பட்டறைத் தொழிலாளர் சிலருக்கு ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் ஒரு குன்றின்மேல் கட்டிய சங்கமனை இன்றும் அந்நாட்டுத் தொலைநோக்கிக்காரர் கூடும் தலமாக விளங்குகிறது. உலகத்திலேயே பெரிதாகப் பாலமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கியை அமைக்க முனைந்தவர்கள் அந்தப் போர்ட்டரையே அழைத்துச் சென்றார்கள். அந்தப் பெருங்கருவியின் சித்திரங்கள் அவர் கையில் பிறந்தன. மற்றவர் ஜான் டாப்ஸன். வேதாந்த சங்கத்தைச் சேர்ந்த மடத்தில் 1944 முதல் துறவியாக வாழ்ந்த இவர், பழைய கப்பல்களின் வட்டச் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயிலும் பலகைப் பெட்டியிலும் பொருத்தி, மடத்துக்கு வெளியே தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சந்திரனையும் சனியையும் காட்டினார். அந்த ஈடுபாட்டால் 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது; மறு ஆண்டே சான் பிரான்ஸிஸ்கோவின் நடைபாதைகளில் தம் தொண்டைத் தொடர்ந்தார். விலையுயர்ந்த இரும்புத் தாங்கியை நீக்கி, மரப்பலகையின்மேல் வழுக்கிச் சுழலும் எளிய பெட்டியை அவர் வகுத்ததனால்தான், 24 அங்குல ஆடியையும் தனி மனிதர் வீட்டில் செய்து வெளியே உருட்டிக்கொண்டு போவது சாத்தியமாயிற்று. பிரபஞ்சத்தைப் பார்க்காமல் பிரம்மத்தை விசாரிப்பது எப்படி என்பது அந்தத் துறவியின் நிலைப்பாடு. அதில் எனக்கு முழு உடன்பாடு.

இனி கொடைக்கானலுக்குத் திரும்புவோம். அங்கே கையால் செய்யும் மரபுக்கு வித்திட்டவரும் பழைய பொழுதுபோக்கு வானியலாரே. இங்கிலாந்தில் வேறு தொழிலில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் சூரியனை ஆராய்ந்துவந்த ஜான் எவர்ஷெட் 1907இல் இங்கு வந்து சேர்ந்தார். தாமே இணைத்து அமைத்த நிறமாலைக் கருவியைக் கொண்டு, 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் பக்கவாட்டில் பெருகியோடுவதை அவர் கண்டார். அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. 1923இல் அவர் ஓய்வு பெற்ற பின்னர், அந்தப் பட்டறையின் உற்சாகம் நெடுங்காலம் நீறு பூத்துக் கிடந்தது.

1960இல் இயக்குநராக வந்தவர் வேணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்த அவர், தம் தந்தை உதவியாளராகப் பணிபுரிந்த ஐதராபாத்து நிஜாமியா வானாய்வு நிலையத்தில், அதாவது ஜாபர் ஜங் தம் ஆசைக்காக அமைத்த அதே நிலையத்தில், தொலைநோக்கியின் நிழலில் வளர்ந்தார். மாணவராக இருந்தபோதே ஒளி மாறும் நட்சத்திரங்களைக் குறித்து எழுதினார். ஹார்வர்டில் பயிலுகையில் 1949இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் மவுண்ட் வில்சன், பாலமர் நிலையங்களில் ஆய்வாளராக இருந்து, ஆலின் வில்சனுடன் சேர்ந்து நட்சத்திரங்களின் உண்மையான ஒளியை அளக்கும் வழி ஒன்றை 1957இல் வெளியிட்டார். போர்ட்டரின் சித்திரங்கள் உருக்கொண்ட அந்தப் பாலமரைக் கண்டு திரும்பியவர், இந்தியாவுக்குப் பெருந்தொலைநோக்கி வேண்டும் என்று எண்ணியதில் ஆச்சரியமில்லை. அதை விலைக்கு வாங்கி முடித்துவிடாமல், முதலில் சிறியதாக ஒன்றைத் தம் நிலையத்துப் பட்டறையிலேயே செய்து பழக வேண்டும் என்று தீர்மானித்ததில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. அப்படிப் பிறந்ததே நான் முன்னே சொன்ன 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. இருளில் விரிந்த மனிதக் கண்மணியைக் காட்டிலும் ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு ஒளியைத் திரட்ட வல்லது அது.

அதனை வைப்பதற்குக் கொடைக்கானல் உகந்ததாக இல்லை. நம் போடிமெட்டுக்கும் இதே குறை உண்டு. தென்மேற்குப் பருவத்தில் இடுக்கிப் பக்கத்து மேகமும், வடகிழக்குப் பருவத்தில் தேனிப் பக்கத்து மழையும் மாறி மாறி வந்து, இரவின் பாதியைப் பனிமூட்டத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பகலில் சூரியனைப் பார்ப்பதற்குச் சில மணி நேரத் தெளிவு போதும். மங்கிய நட்சத்திரங்களைப் பார்ப்பவருக்கு இரவு முழுதும் வேண்டும். ஆகவே பாப்பு வேறிடம் தேடினார். வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில், காவலூர் என்னும் சிற்றூரையொட்டிய காட்டைத் தெரிந்தெடுத்தார். நகரவெளிச்சம் எட்டாத அந்தக் காட்டில் 1968இல் கொடைக்கானல் கொல்லைப்புறத்துத் தொலைநோக்கி நிறுவப்பட்டு, முதல் வான நோக்கல்கள் தொடங்கின.

பின்னர் 1972இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் தொழிற்சாலையிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் சந்திரனாகிய கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததையும், 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்டதையும் அது பதிவு செய்தது. வாங்கிய கருவியின் பயனும் பெரிதுதான். ஆனால் பாப்புவின் மனம் தேய்க்கும் பட்டறையை விட்டு அகலவில்லை. 75 சென்டிமீட்டர் ஆடி ஒன்று இங்கேயே ஆயிற்று. அதன் பின்னர் 2.34 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கட்டி ஜெர்மனியிலிருந்து வந்து சேர, அதைக் குழித்துப் பரவளையமாக்கி மெருகேற்றும் அரிய பணியை பெங்களூரில் ஏ. பி. ஜெயராஜன் தலைமையிலான ஒளியியல் பட்டறை மேற்கொண்டது. தாங்கியும் சட்டமும் இந்தியத் தொழிற்சாலைகளில் உருவாயின. 38 சென்டிமீட்டர் ஆடியைக் காட்டிலும் பரப்பில் ஏறத்தாழ 38 மடங்கு பெரிய ஆடி. ஆயினும் தூளிட்டுத் தேய்ப்பதும், கீலில் மெருகேற்றுவதும், நிழலைக் கண்டு திருத்துவதுமாகிய அடிப்படை முறை அதேதான். 1982 ஆகஸ்டில் மியூனிக் நகரத்தில் பாப்பு காலமானார். தம் வாழ்நாளின் கனவு ஒளியேந்தியதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1985 நவம்பரில் அந்தத் தொலைநோக்கி முதல் படம் எடுத்தது. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வேணு பாப்பு தொலைநோக்கி எனப் பெயரிட்டு நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இந்தப் போடி மலைகளில் இப்பொழுது விஞ்ஞானம் என்றால், பொட்டிபுரத்துக் குன்றைக் குடைந்து நியூட்ரினோக்களை அறிய 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை உள்ளே நிறுத்தும் திட்டத்தைத்தான் ஜனங்கள் நினைக்கிறார்கள். மத்திய அரசு 2015இல் அனுமதித்த அத்திட்டத்தைச் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் தமிழ்நாட்டு அரசும் எதிர்த்து வருகிறார்கள். அதன் சாதக பாதகங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஒன்று சொல்வேன். காவலூரில் ஒரு கண்ணாடி எவ்வாறு கண்ணாகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் தொட்டுப் பார்த்து அறியலாம். மலைக்குள் மறையும் கருவியை அவ்வாறு அறிய வழியில்லாதபோது, அதைப் பற்றி நம்பிக்கை தோன்றுவதற்கு முன் அச்சம் தோன்றுவது இயல்பே. தேனி மாவட்டத்துப் பள்ளிகளில் ஆடி தேய்க்கும் பட்டறைகள் முன்னரே நடந்திருந்தால், விஞ்ஞானிகளும் கிராமத்தாரும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி உண்டாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன். புனேயில் 1944 முதல் ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா என்னும் வானநேயர் சங்கம் இயங்குகிறது. அதே நகரத்து வானியல் மையத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடி 6 அங்குல ஆடிகளைத் தாங்களே தேய்த்துத் தங்கள் ஊர்களுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நமக்கு அது எட்டாத காரியமன்று.

அப்படி ஓர் ஆடியை இந்தச் சரிவில் வைத்திருப்பவருக்கு வேலைக்கும் குறைவில்லை. ரகுநாதாச்சாரி கண்ட அந்த ரெட்டிகுலம் நட்சத்திரம், ஏறத்தாழ 278 நாளுக்கு ஒரு முறை பிரகாசித்து, பின்னர் சாதாரணத் தொலைநோக்கிக்கு அகப்படாத அளவுக்கு மங்குகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியும் ஐரோப்பாவும் இருக்கும் வடக்கு அட்சரேகைகளில் அது அடிவானத்துக்கு மேல் எழுவதேயில்லை. போடிமெட்டிலோ ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கே 17 பாகை உயரத்தில் அது உச்சம் கொள்கிறது. அண்டை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை மதிப்பிட்டு அனுப்பும் கணக்குகளை, ஒளி மாறும் நட்சத்திரங்களுக்கான சர்வதேசச் சங்கங்கள் பொழுதுபோக்கு வானியலாரிடமிருந்து இன்றும் ஏற்றுக்கொள்கின்றன. அது மிகுந்த பிரகாசத்தோடு இருக்கும் வாரங்களில் அதைத் தொடர்ந்து பார்க்க, வீட்டிலேயே தேய்த்த 6 அங்குல ஆடி தாராளமாகப் போதும்.